விரல் வைத்துப் படித்த பக்கம்

பிள்ளைகளா, இந்த ஜனவரி ஒன்றாம் தேதி நீங்கள் மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து பட்டியல் போட்டதை நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பெரியவள் இந்த வருடம் இருபது புத்தகம் படிக்கப் போகிறாள். நடுவன் லடாக்குக்கு பைக்கில் போகப் போகிறான். சின்னவன் தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்திருக்கப் போகிறானாம். அதைக் கேட்டு உங்கள் அம்மா சிரித்த சிரிப்பில் காபி சிந்தியது. “அப்பா, உங்களுக்கு என்ன?” என்று கேட்டீர்கள். “எனக்கு என்ன இருக்கு, முட்டிவலி போனாச் சரி” என்றேன்.

அது உண்மையான பதில் இல்லை. பதினொரு வயதில் நானும் ஒரு பட்டியல் போட்டேன். அதன் பின்னால் ஓடியதில் உங்கள் அத்தைக்கு நான் ஒன்று செய்தேன். நல்லதா கெட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. யாரிடமும் சொன்னதில்லை. நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், பேசுகிற மாதிரித்தான் எழுத வரும். நடுவில் எங்காவது போய்விட்டுத் திரும்பி வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் கேரளாவில் சாந்தன்பாறையைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் இருந்தோம். தோட்டக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயத்தில் மூன்றாவது வீடு. அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. பறித்து வரும் பச்சை ஏலக்காயைச் சூட்டறையில் பரப்பி, விறகுத் தீயை அளவு பார்த்து உலர வைப்பார். அவர் வீட்டுக்குள் நுழைந்தால் பாயசம் வைத்த மாதிரி மணக்கும். அடுப்பில் பார்த்தால் கஞ்சிதான் இருக்கும். அம்மாவும் அக்காவும் காய் பறிக்கப் போவார்கள். அக்காவுக்கு, அதாவது உங்கள் அத்தைக்கு, அப்போது பதினேழு. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியிருந்தார்கள். நிறுத்தியது யார் என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒருநாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, அவ்வளவுதான்.

மார்கழி முடிகிற நேரம் அங்கே காற்றுக் காலம். கீழே தரைநாட்டிலிருந்து மலை இடுக்கு வழியாக ஏறி வரும் காற்று, லயத்துத் தகரக் கூரையைப் பிடித்து நாள் முழுக்க ஆட்டும். என் வயதுக்காரர்கள் யாராவது அந்தப் பக்கம் வளர்ந்திருந்தால் தெரியும், அந்தக் காற்றில் ஓர் இடத்தில் உட்கார முடியாது. மாடு முளையைச் சுற்றிச் சுற்றி வரும். கோழி காரணமில்லாமல் ஓடும். எனக்குக் கால் தரிக்காது. ஜீப் திரும்பும் மேட்டு வளைவுக்குப் போய் நிற்பேன். காற்று மேகத்தைக் கிழிக்கிற நேரத்தில் கீழே போடி தெரியும், சுண்ணாம்பைக் கொட்டிவிட்ட மாதிரி. அங்கே ரயில் இருக்கிறது என்று சொல்வார்கள். நான் ரயிலைப் பார்த்ததில்லை. ஏதாவது சத்தம் மேலே வருமா என்று காதைத் திருப்பித் திருப்பி வைத்துக் கேட்பேன். காற்றைத் தவிர ஒன்றும் வராது.

படிப்பதற்கும் எங்களுக்கு வழி இல்லை. சந்திப்பில் ஒரு வாயனசாலை, அதாவது படிப்பகம், உண்டு. எல்லாம் மலையாளப் புத்தகம். தமிழுக்கு என்று ஒரு தட்டு, அதில் உரம் போடுவதைப் பற்றிய நாலு துண்டுத் தாள்கள். நானும் அக்காவும் படித்ததெல்லாம் போடிச் சந்தையிலிருந்து மளிகை சுற்றி வந்த பத்திரிகைத் தாள்கள்தான். பருப்புப் பொட்டலம் பிரியும்போதே அக்கா பக்கத்தில் போய் நிற்பாள். மடிப்பை நீவி, எண்ணெய் பட்ட இடத்தை வெயிலில் காட்டி, பாய்க்கு அடியில் வைத்துப் படிய வைப்பாள். இப்படித்தான் ஒரு தொடர்கதை எங்கள் கையில் சேர்ந்தது. மூன்றாம் அத்தியாயம், நான்காம் அத்தியாயம், அப்புறம் நேரே ஏழு, அப்புறம் ஒன்பது. முதலும் இல்லை, முடிவும் இல்லை. கதையின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்கள் போனில் தேடுவீர்கள். தேட வேண்டாம்.

ஒரு கடற்கரை ஊர். அங்கே ஒரு பெண். கடலுக்குப் போன அவள் அப்பா திரும்பவில்லை. நான்காம் அத்தியாயத்தில் அவள் படகுக்குப் பக்கத்தில் அழுதுகொண்டு நிற்கிறாள். ஏழாம் அத்தியாயத்தில் வேறு ஏதோ பட்டணத்தில் அச்சாபீசில் வேலை செய்கிறாள். நடுவில் என்ன ஆனது, அந்த ஊரை விட்டு எப்படி வெளியே வந்தாள் என்று எனக்குத் தூக்கமே வரவில்லை. கார்த்திகையில் ஒருநாள் அக்கா ஐந்தையும் ஆறையும் கொண்டுவந்தாள். அச்சில் இல்லை, கையெழுத்தில். ஏலக்காய் மூட்டைகளில் எடை எழுதிக் கட்டும் சீட்டு இருக்கிறதே, உபயோகம் முடிந்து ஸ்டோர் வாசலில் கிடக்கும், நான்தான் பட்டம் ஒட்டப் பொறுக்கி வருவேன். அந்தச் சீட்டுகளின் பின்பக்கம், உள்ளங்கை அகலத்தில், பென்சிலால் பொடிப்பொடியாக எழுதியிருந்தாள்.

“எங்கிட்டுப் பிடிச்ச இதை?” என்றேன்.

“போடியிலருந்து காய் பறிக்க வாராகள்ல, அதுல ஒரு அக்கா சோத்துப் பொட்டணத்துல சுத்தி வச்சிருந்தாக. தரமாட்டேனுட்டாக. அதான் பார்த்து எழுதிக்கிட்டேன்.”

நான் நம்பினேன். அந்த அத்தியாயத்தில் அந்தப் பெண் விடிவதற்கு முன் ஒரு ஜீப்பில் ஏறி ஊரை விட்டுப் போகிறாள். பனி மூடியிருக்கிறது. காற்றில் ஏலக்காய் வாசம். கடற்கரை ஊரில் ஏலக்காய் வாசம் எப்படி வந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் கடலைப் பார்த்திருந்தால்தானே.

ஜனவரி ஒன்றாம் தேதி ஜீப் டிரைவர் வழக்கம்போல போடிக் கடையிலிருந்து தினம் கிழிக்கும் காலண்டர் கொண்டுவந்தார். மூட்டை ஏற்றிக்கொண்டு கீழே போய், மளிகை ஏற்றிக்கொண்டு மேலே வருகிறவர். என்னை எப்போதும் கலெக்டர் என்றுதான் கூப்பிடுவார்.

“என்ன கலெக்டர், இந்த வருசமாச்சும் போடிக்கு வாரியா, இல்ல வளைவுல நின்னே ரயிலுக்குக் கொடி காட்டப் போறியா?”

“நீங்க கூட்டிட்டுப் போனாத்தான?”

“ஒங்கப்பா ஏலக்காயத் தவிர யாரையும் என் வண்டியில ஏத்தி விடமாட்டாரே.”

அன்றைக்குச் சாயங்காலம் அக்கா பழைய காலண்டரின் அட்டையைத் திருப்பிப் போட்டு, “புது வருசத்துக்கு என்ன செய்யப் போறேன்னு எழுது. எழுதி வச்சாத்தான் நடக்கும்” என்றாள். நான் எழுதினேன். ஒன்று, போடிக்குப் போய் ரயில் பார்ப்பது. இரண்டு, முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் உள்ள ஒரு புத்தகத்தை முழுசாகப் படிப்பது. மூன்று, அக்காவிடம் குட்டு வாங்காமல் இருப்பது. மூன்றாவதைப் படித்ததும் ஒரு குட்டு வைத்தாள்.

“நீ எழுதுக்கா.”

“எனக்கு ஒண்ணும் இல்ல” என்று பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டாள்.

மறுநாளே நான் காரியத்தைக் கெடுத்தேன். சீட்டுகளில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று உண்டு. ஊரை விட்டுப் போகிற பெண் யாருக்கோ எழுதும் கடிதம் அதில் இருந்தது. அதை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வளைவுக்குப் போனேன். ஜீப் வந்தது. இறக்கம் வரைக்கும் ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சி ஸ்டோர் வரை போனேன். மூட்டைகள் மேல் படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டு போனது நன்றாக இருந்தது. இறங்கி ஓடி வந்த பிறகுதான் பை காலியாக இருந்ததைக் கவனித்தேன். காற்றில் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் தோட்டத்து ரைட்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆபீஸ் கணக்கெழுத்து அவர் வேலை. லயத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் அவர்தான் படித்துச் சொல்வார், பதிலும் அவர்தான் எழுதுவார். பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளிக்காரர். மரியாதையான மனிதர். அவர் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அம்மா முக்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

“கோவிச்சுக்காதீங்க. எனக்கும் பொட்டப்புள்ள இருக்குதுங்க. அதனாலதான் ஆபீசுல பேசாம ஊட்டுக்கே வந்தனுங்க” என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தார். “ஜீப்புல, டிரைவர் சீட்டுக்கு அடியில கெடந்துதுங்க. மூட்டைச் சீட்டுன்னு எடுத்துத் திருப்பிப் பார்த்தா இப்படி எழுதியிருக்குது.”

“படிங்கய்யா” என்றார் அப்பா. அவருக்குப் படிக்கத் தெரியாது.

ரைட்டர் மெதுவாகப் படித்தார். “‘விடிவதற்கு முன் வளைவில் ஜீப் நிற்க வேண்டும். துணிப்பை ஒன்றுதான் கொண்டுவருவேன். போவதற்குப் பயமில்லை. இங்கேயே இருந்துவிடுவேனோ என்பதுதான் பயம்.’”

“இன்னொருக்கா படிங்க.”

படித்தார். மூன்றாவது தடவையும் படிக்கச் சொன்னார் அப்பா. கூரை தடதடத்துக்கொண்டே இருந்தது.

“யாரு எழுதுனதுன்னு போட்டிருக்கா?” என்றாள் அம்மா.

“பேரில்லைங்க. ஆனா இந்த லயத்துல இத்தன சுத்தமா எழுதத் தெரிஞ்ச பொண்ணு வேற யாருங்க இருக்குது?”

யாரும் இல்லை. லயத்துப் பெண்களில் ஐந்தாம் வகுப்பு வரை போனதே அக்கா மட்டும்தான். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமல் நின்றாள். நான் முன்னால் போய், “அது கதைப்பா. தொடர்கதையில வாரது. நான்தான் ஜீப்புல போட்டுட்டேன்” என்றேன்.

“அப்ப தூது போனது நீதானா?” என்று அப்பா ஓர் அறை விட்டார். காது அடைத்துக்கொண்டது.

கதைதான் என்று காட்டுவதற்காகப் பாய்க்கு அடியில் இருந்த மற்றச் சீட்டுகளையும் அள்ளிக்கொண்டு வந்து போட்டேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துத்தான் செய்தேன். முப்பது நாற்பது சீட்டு இருக்கும். அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். “இத்தனை கடுதாசியாடி?”

ரைட்டர் நாலைந்தை எடுத்துப் படித்துப் பார்த்தார். நியாயமான மனிதர்தான். “கதையாட்டந்தான் இருக்குதுங்க. ஆனா கதையில நம்ம வளைவும் ஜீப்பும் ஏலக்கா வாசமும் எதுக்குங்க வருது?”

அப்பா ஒரே போடாகப் போட்டார். “கதைன்னா அச்சுல இருக்கும். கையால எழுதினா அது கடுதாசி. எனக்கு எழுத்துதான் தெரியாது, இதுகூடவா தெரியாது?”

நீங்கள் சிரிக்கக்கூடும். அவர் வாழ்க்கையில் பார்த்த கையெழுத்தெல்லாம் கடிதமும் சீட்டும்தான். கதை என்றால் அச்சடித்த தாளில் படத்தோடு வருவது. ஒரு மனுசி, அதுவும் வீட்டிலிருக்கிற மகள், கதையைக் கையால் எழுதுவாள் என்பது அவருக்கு மட்டுமல்ல, அங்கே நின்ற யாருக்குமே தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

“அச்சுலயும் இருக்குப்பா. அக்கா பார்த்துத்தான் எழுதுச்சு. போடி லைப்ரரியில புஸ்தகமா இருக்கும். நான் காட்டுறேன்” என்று அழுதுகொண்டே சொன்னேன்.

“நீ சும்மா இருடா” என்றாள் அக்கா. அன்றைக்கு அவள் பேசியது அது ஒன்றுதான்.

ஒரு வாரத்துக்குள் எல்லாம் வேகமாக நடந்தது. டிரைவரை வேறொரு தோட்டத்து வண்டிக்கு மாற்றினார்கள். ஏன் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. வளைவில் என்னைப் பார்த்து, “கலெக்டர், எனக்கு டிரான்ஸ்பர் போட்டுட்டீகளே” என்று சிரித்துவிட்டுப் போனார். இப்போது நினைத்தாலும் எனக்கு அந்தச் சிரிப்பு ஆகாது.

ரைட்டர் உதவி செய்வதாக நினைத்து எலப்புள்ளியில் தன் உறவில் ஒரு வரன் சொன்னார். மாப்பிள்ளைக்கு முப்பத்தைந்து தாண்டியிருந்தது, முதல் சம்சாரம் தவறிவிட்டது, நெல்வயலும் மாடும் உண்டு. மாப்பிள்ளையின் அக்காக்காரி பெண் பார்க்க மேலே வந்தார். சேலைக்கு மேல் இரண்டு துண்டு போர்த்தியும் நடுங்கிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, இந்தக் குளிருல எப்படித்தான் இருக்கறீங்களோ. புள்ள எங்க ஊட்டுக்கு வந்தா நல்லா வெயிலு காயலாமுங்க” என்று சொல்லிவிட்டு அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். “நெல்லு அவிப்பியா கண்ணு?”

“பழகிக்கிறேன்.”

“படிக்கத் தெரியுமாமே?”

அம்மா அவசரமாகக் குறுக்கே வந்தாள். “அதெல்லாம் மறந்துருச்சுங்க.”

அந்த அம்மாள் நல்லவர்தான். எனக்குக்கூடக் கடலைமிட்டாய் கொண்டுவந்தார். போகும்போது, “தை பொறந்ததும் பாக்கு மாத்திக்கலாமுங்க” என்றார். பாக்கு மாற்றினால் பேச்சு முடிந்தது. அக்கா அன்று முழுக்க வீட்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடந்துகொண்டே இருந்தாள். குடம் நிறைந்தே இருந்தது. நிறைந்த குடத்தைக் கொட்டிவிட்டு மறுபடி போனாள்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, அப்பா என்னைக் காலையில் உலுக்கி எழுப்பினார். “கிளம்பு. பொங்கச் சாமானுக்குப் போடி போறேன். நீ சொன்ன புஸ்தகத்தைக் காட்டு. இல்லைன்னா இந்தப் பேச்சை இத்தோட விட்டுரு.”

அவர் ஏன் என்னைக் கூட்டிக்கொண்டு போனார் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. அந்தப் புத்தகம் இருந்துவிட வேண்டும் என்று அவருக்கும் ஆசை இருந்திருக்கிறது. மகளை அத்தனை தூரம் அனுப்ப எந்த அப்பனுக்கு மனசு வரும்?

சட்டையை மாட்டும்போது அக்கா என்னை அடுப்புக்குப் பின்னால் இழுத்தாள். “போகாதடா. வயித்து வலின்னு படுத்துக்க.”

“பாக்கு மாத்திருவாகக்கா. நான் போய்க் காட்டினாத்தான் நிக்கும்.”

“சிலது புஸ்தகத்துல வேற மாதிரி இருக்கும்டா.”

“நான் கண்டுபிடிச்சிருவேன்” என்றேன். பட்டியலில் இரண்டு ஆசை ஒரே நாளில் நடக்கப் போகிறது. அக்காவைக் காப்பாற்றுவதும் அதிலேயே சேர்ந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்க்க எனக்கு நேரமில்லை.

பஸ் செக்போஸ்ட்டைத் தாண்டி வளைவு வளைவாக இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் காற்று குறைந்து சூடு ஏறியது. நான் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். போடியில் இறங்கியபோது காற்றே இல்லை. மரத்தில் இலை அசையவில்லை. கூரைச் சத்தம் இல்லாமல் எனக்குக் காது செத்துப்போன மாதிரி இருந்தது. அப்பா வெல்லமும் மஞ்சள்கொத்தும் கரும்பும் வாங்கினார். கரும்பைத் தோளில் சாய்த்துக்கொண்டே நூலகத்தை விசாரித்துக் கூட்டிப்போனார்.

ஓட்டுக் கட்டடம். நீள மேசையில் நாலு பேர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா செருப்பைக் கோயிலுக்குப் போலக் கழற்றி வைத்துவிட்டு, கரும்பை வாசல் நிலையில் சாய்த்துவிட்டு, உள்ளே வராமல் நின்றார். நூலகர் கனத்த கண்ணாடி போட்டவர். கதையின் பெயரைச் சொன்னதும் எழுந்து போய், தடியாகக் கட்டிய புத்தகம் ஒன்றை எடுத்துவந்தார்.

“எந்த ஊரு?”

“சாந்தன்பாறைக்கு மேல.”

“கேரளாவா? வீட்டுக்குக் குடுக்க முடியாது தம்பி, இந்த ஊர் விலாசம் வேணும். இங்கயே உக்காந்து வாசி. பதினொன்னரைக்குப் பூட்டிருவேன்.”

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று தாண்டியிருந்தது.

பிள்ளைகளா, முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் உள்ள ஒரு புத்தகம் என் கையில் இருந்தது. எவ்வளவு கனம் தெரியுமா? முதல் பக்கத்தைப் புரட்டக்கூட எனக்குப் பொறுமையில்லை. ஐந்தாம் அத்தியாயத்தைத் தேடி எடுத்தேன். அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல். பக்கம் பக்கமாகக் காய்ச்சல். அவள் அம்மா வைத்தியரைக் கூப்பிடுகிறாள், படகை விற்கிறாள். ஆறாம் அத்தியாயத்தில் ஒரு மாமா வந்து கூட்டிப்போகிறார், மாட்டு வண்டியில், பட்டப்பகலில். ஜீப் இல்லை. வளைவு இல்லை. கடிதம் இல்லை. ஏலக்காய் வாசம் இல்லை. மறுபடி முதலிலிருந்து புரட்டினேன். தாள் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று எச்சில் தொட்டுப் பிரித்துப் பார்த்தேன். இல்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக இல்லை, ஒரேயடியாக. காதில் பென்சில். ‘எனக்கு ஒண்ணும் இல்ல.’ ‘சிலது புஸ்தகத்துல வேற மாதிரி இருக்கும்.’ இதெல்லாம் அக்காவே எழுதியது. அச்சில் இருந்த மாட்டு வண்டியைவிட அவளுடைய ஜீப் நன்றாக இருந்தது. அது எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்தது.

“இருக்கா?” என்றார் அப்பா வாசலிலிருந்து.

நான் திரும்பிப் பார்த்தேன். இல்லை என்றால் பாக்கு. அவளே எழுதினாள் என்றால், ‘போவதற்குப் பயமில்லை’ என்று அவளே சொன்னதாக ஆகும். அதற்கும் பாக்குதான்.

“இருக்குப்பா” என்றேன்.

அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்தார். புத்தகத்தின் மேல் குனிந்தார். “எங்க, விரல் வச்சுப் படி.”

நான் விரல் வைத்தேன். என் விரலுக்குக் கீழே அந்தப் பெண்ணின் நெற்றியில் ஈரத் துணி போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வாயால், “விடிவதற்கு முன் வளைவில் ஜீப் நிற்க வேண்டும்” என்றேன். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் விரலை நகர்த்தினேன். துணிப்பை ஒன்றுதான் கொண்டுவருவேன். போவதற்குப் பயமில்லை. வரி முடிந்த இடத்தில் சொல் முடியவில்லை, அடுத்த வரிக்கு விரலைக் கொண்டுபோனேன். இங்கேயே இருந்துவிடுவேனோ என்பதுதான் பயம். ரைட்டர் மூன்று தடவை படித்ததில் அப்பாவுக்கும் அது மனப்பாடம் ஆகியிருந்தது. என்னோடு சேர்ந்து அவர் உதடும் அசைந்தது.

முடித்ததும் அவர் அந்த வரிகளைத் தன் கட்டை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். ஏலக்காய்க் கறை படிந்த விரல். பிறகு நூலகரிடம் திரும்பி, “ஐயா, இது அச்சாகி எத்தனை வருசம் இருக்கும்?” என்றார்.

“ஏழெட்டு வருசம் இருக்குமே.”

“அப்ப நம்ம டிரைவரு வேலைக்கே வரலை” என்று அப்பா தனக்குள் சொல்லிக்கொண்டார். தோள் இறங்கிவிட்டது. கரும்பை எடுக்க வெளியே போனார்.

நூலகர் மேசைக்கு வந்து புத்தகத்தைத் திருப்பி, திறந்திருந்த பக்கத்தைப் பார்த்தார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “நல்லா வாசிக்கிற தம்பி. இங்க இல்லாததக்கூட வாசிக்கிற” என்று சின்னக் குரலில் சொல்லிவிட்டு மணியை அடித்தார். பூட்டுகிற நேரம்.

ரயிலடிக்கு ஓடிப்போனோம். வண்டி போய்விட்டது என்றார்கள். நான் தண்டவாளத்தைத் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் சுட்டது.

திரும்பும் பஸ்ஸில் அப்பா எனக்குக் கரும்பு உடைத்துக் கொடுத்தார். வெகுநாள் கழித்து நிம்மதியாகப் பேசினார். “நானும் அப்பவே யோசிச்சேன்டா. அஞ்சாங்கிளாஸு படிச்ச புள்ளைக்கு இப்படியெல்லாம் எழுத எங்க வரப்போகுது?” கரும்பு எனக்கு இனிக்கவில்லை. ஏன் என்று அப்போது தெரியவில்லை, ஜன்னலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே அப்பா சத்தமாகச் சொன்னார். “அச்சுல இருக்கு. என் கண்ணால பார்த்தேன். இவ பார்த்துத்தான் எழுதியிருக்கா. என்னம்மா, பார்த்து எழுதுனதுதான?”

அக்கா என்னைப் பார்த்தாள். எனக்குப் பார்க்கத் தரையைத் தவிர வேறு இடம் இல்லை. கூரை ஆடிக்கொண்டிருந்தது.

“ஆமாப்பா” என்றாள். “பார்த்து எழுதுனதுதான்.”

அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ரைட்டர் மறுநாள் வந்து, “அச்சுலயே இருக்குதுங்களா? அப்படின்னா நானுந்தானுங்க தப்பா நெனச்சுட்டேன்” என்று வருத்தப்பட்டு, எலப்புள்ளிக்கு எழுதிப் பாக்கை நிறுத்தினார். அந்த வருடம் எங்கள் வீட்டில் பொங்கல் நன்றாகப் பொங்கியது.

பொங்கல் முடிந்து தண்ணீர்த் தொட்டியில் அக்கா என்னிடம் கேட்டாள். “விரல் வச்சு வாசிச்சியாமே. எந்தப் பக்கத்துல?”

“காய்ச்சல் பக்கத்துல.”

சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. “அப்ப அந்தப் புள்ளைக்குக் காய்ச்சலா? அப்புறம்?”

“மாமா வந்து மாட்டு வண்டியில கூட்டிட்டுப் போறாரு.”

“அவ்வளவுதானா? கடைசியில என்ன ஆச்சு?”

“தெரியலை. மணி அடிச்சிட்டாக.”

குட்டு வைப்பாள் என்று தலையைக் குனிந்தேன். வைக்கவில்லை.

சீட்டுகளை அவள் கிழிக்கவில்லை, ஒளித்தும் வைக்கவில்லை. அம்மா கையில் கொடுத்துவிட்டாள். அம்மா அவற்றைக் கூம்பாகச் சுருட்டி, அக்கம்பக்கத்துக்குப் பொரியும் கடலையும் போட்டுக் கொடுத்தாள். ஜீப் வந்து நின்ற சீட்டு எந்த வீட்டுக்குப் போனதோ. கடலையைத் தின்றுவிட்டு யாராவது பிரித்துப் பார்த்திருந்தாலும், அந்த லயத்தில் படிக்கத் தெரிந்தவர்கள் நானும் அவளும்தான். அதற்கப்புறம் நான் எத்தனையோ சீட்டுப் பொறுக்கிக் கொடுத்தேன். “பட்டத்துக்கு வச்சுக்க” என்று சொல்லிவிட்டாள்.

இரண்டு வருடம் கழித்து அவள் விருப்பம் கேட்டுத்தான் காந்தலூரில் கொடுத்தார்கள். உங்கள் மாமா தங்கமான மனிதர், உங்களுக்கே தெரியும். எலப்புள்ளிக்குப் போயிருந்தாலும் நன்றாகவே இருந்திருப்பாளோ என்னவோ, அதை யார் சொல்ல முடியும்? ஆனால் குடும்பத்தில் இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறோமே, ‘அத்தை பத்திரிகையைப் பார்த்து எழுதினதைக் காதல் கடுதாசின்னு நெனச்சிட்டாங்க’ என்று, அதைக் கேட்கும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அது பார்த்து எழுதியது இல்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லை. உங்கள் அத்தையின் சொந்தக் கதை. உங்கள் தாத்தாவிடம் நான் சொன்னது பொய். அந்தப் பொய்யால் அவளுக்கு ஒரு கல்யாணம் நின்றது. கூடவே அவள் பெயரும் அதிலிருந்து போயிற்று.

இந்த வருடம் என் பட்டியலில் என்ன என்று கேட்டீர்களே. இதைச் சொல்லிவிடுவதுதான். முதலில் அவளிடம் சொல்ல வேண்டும் என்று சென்ற வாரம் காந்தலூருக்குப் போனேன். முற்றத்து வெயிலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்.

“ஏன்டா, கால்ல எறும்பா? உக்காரு” என்றாள்.

உட்கார்ந்தேன். “அக்கா, அந்தக் கதையில… அந்தப் பொண்ணு கடைசியில ஜீப்புல ஏறினாளா, இல்லையா?”

எந்தக் கதை என்று அவள் கேட்கவில்லை. கையில் இருந்த பூண்டை உரித்து முடித்தாள்.

“ஏறினாடா” என்றாள். “நீதான் பாதி வழியில இறக்கி விட்டுட்ட.”

பிறகு ஒரு பிடி பூண்டை அள்ளி என் முன்னால் போட்டாள், உரிக்கச் சொல்லி.